மூவாயிரம் துண்டுத் துறைமுகம்

பொறாமை என்றால் என்னவென்று தெரிய லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்து நான்கு வயது ஆக வேண்டியிருந்தது. கூட வேலைக்குச் சேர்ந்தவன் சூப்பர்வைசராகி ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தபோதுகூட ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு மறந்துவிட்டார். தம்பி புதுக் கார் வாங்கியபோது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தட்டிப் பார்த்துப் பாராட்டியதும் அவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை, அவர் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பல்செட் செய்து பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர் நான்கே மாதத்தில் ஆட்டிவைத்துவிட்டார். ஆட்டிவைத்தவருக்கு அந்த விஷயமே தெரியாது.

எல்லாம் மனைவி வழுக்கி விழுந்ததில் ஆரம்பித்தது. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் காலை வேலை பார்த்தாள். மழை நாளில் கடை வாசலில் கால் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது, முழங்காலும் அடிபட்டது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் தங்கள் வேலையையே மறந்திருந்தன. ஒரு பட்டனைப் போட ஐந்து நிமிடம் ஆனது. பயிற்சி கொடுக்க வந்த பெண், "சின்னச் சின்னப் பொருளா எடுத்து எடுத்து வைங்கம்மா, விரல் தானா மடங்கும்" என்றாள். மனைவி இதை லிஃப்ட் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது பல்செட்காரர் காதில் விழுந்தது. சாயங்காலமே ஒரு அட்டைப் பெட்டியோடு கீழ்த்தளத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஐந்நூறு பீஸும்மா. ஜிக்சா பஸில். துண்டுகளைக் கோத்தா ஒரு படம் வரும். பட்டாணி பொறுக்கறதைவிட இது மேல்."

பல்செட்காரர் தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகன் எங்கேயோ வேலையில் இருந்தான். வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கி, டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் கட்டிக் கொடுப்பார். கிட்டே போனால் சூடான மெழுகு வாசனை வரும். அவள் அவரை முதல் நாளிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். மெக்கானிக்கும் அன்று சிரித்த முகமாகத்தான் பெட்டியை வாங்கி வைத்தார்.

ஐந்நூறு துண்டு சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. மூன்று வாரத்தில் முடித்தாள். விரலும் மடங்கியது, ஆசையும் பிடித்தது. அடுத்து ஆயிரம் துண்டு வந்தது. அது பாதி மேசையை விழுங்கியது. கோக்காத துண்டுகள் மீதிப் பாதியில் பரந்து கிடந்தன. ஒருநாள் வேலையிலிருந்து பசியோடு வந்தவர், தட்டை வைக்க இடம் தேடி எரிச்சலாகிவிட்டார்.

"நான் என்ன, தட்டை மடியில வச்சா சாப்பிடணும்? இதையெல்லாம் வேற எங்கயாவது கொண்டு போய்ப் பண்ணேன்."

மறுநாளே அவள் துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் வாரிக்கொண்டு, லிஃப்டில் ஏறி, வேறு எங்கேயோ கொண்டு போனாள். வேறு எங்கேயோ என்பது மூன்றாம் மாடியாக இருந்தது. தன் வாயாலேயே தான் அனுப்பி வைத்தது என்பதுதான் பின்னால் அவர் நெஞ்சை அதிகமாக அறுத்தது.

அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில் இருந்த நாற்பது லிஃப்டுகளில் ஒன்று. ஒரு மத்தியானம், பராமரிப்புக்காகக் கீழ்க்குழியில் இறங்கி ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் போகிற கூடு என்பது ஒரு பெரிய குழாய் மாதிரி. மேலே யாராவது தும்மினால் கீழே கேட்கும். அன்று கேட்டது தும்மல் இல்லை. அவர் மனைவியின் சிரிப்பு. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. அவர் கிரீஸ் கையோடு குழிக்குள் அப்படியே நின்றார். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று கணக்குப் பார்த்தார். மகள் கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா என்றுகூட நினைவில்லை.

அன்றிலிருந்து அந்த லிஃப்டுக்கு யோகம் அடித்தது. மாதம் ஒருமுறை நடந்த பராமரிப்பு வாரம் ஒருமுறை நடந்தது. கட்டடத்து ஆட்கள், "இவரை மாதிரி பொறுப்பான மனுஷன் உண்டா" என்று பேசிக்கொண்டார்கள். மனிதர் குழிக்குள் தலையை அண்ணாந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

வீட்டில் அவள் எதைச் சொன்னாலும் "அண்ணா சொன்னாரு" என்று தொடங்கியது. ஓரத்துண்டுகளை முதலில் பிரித்துவிட வேண்டும் என்று அண்ணா சொன்னார். வானத்தைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்று அண்ணா சொன்னார். ஒரு நாள் சாப்பிடும்போது, "நாங்க ரெண்டாயிரம் பீஸ் ஆரம்பிச்சிருக்கோம்" என்றாள்.

அந்த 'நாங்க' அவருக்குப் புதிதாக இருந்தது. இருபத்தேழு வருடமாக அந்த வீட்டில் நாங்க என்றால் அவரும் அவளும்.

கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஒரு புடவை, ஒரு சினிமாவோடு முடிந்துபோகும். இந்த முறை அவர் புடவைக் கடைப் பக்கமே போகவில்லை. கடைத்தெருவில், பொம்மைகளும் சதுரங்கப் பலகைகளும் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தார். சுவர் முழுக்க ஜிக்சா பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த கடைக்காரப் பெண் எழுந்து வந்தாள்.

"ரெண்டாயிரத்துக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கு சார்? எங்க வச்சுச் செய்வாங்க?"

"என் வீட்டம்மாவுக்கு. மேசையிலதான்."

"மேசை என்ன அளவு?"

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். லிஃப்ட் கதவுக்கும் வாசலுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் கூடினால் ராத்திரிச் சோறு இறங்காத ஆள் அவர். ஆனால் சொந்த வீட்டு மேசையை ஒருநாளும் அளந்ததில்லை. "பெரிய மேசைதான்" என்றார்.

அந்தப் பெண் பொறுமைசாலி. ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பி, பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். "எல்லாரும் பீஸ் எண்ணிக்கையைத்தான் பார்ப்பாங்க சார். பார்க்க வேண்டியது இதை. முடிச்ச பிறகு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்னு போட்டிருக்கும். ஐந்நூறுன்னா ஏறக்குறைய ஐம்பதுக்கு முப்பத்தாறு சென்டிமீட்டர். ஆயிரம்னா எழுபதுக்கு ஐம்பது கிட்ட வரும். ரெண்டாயிரம் ஒரு மீட்டர் நீளத்தைத் தொட்டுடும். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதே ஆயிரத்துல பொடித் துண்டும் இருக்கு, கை நடுங்கறவங்களுக்குன்னு பெரிய துண்டும் இருக்கு. பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது, பெட்டி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"சரி, சரி."

"அதோட, கோக்காத துண்டைப் பரப்பி வைக்கவும் இடம் வேணும். படம் எவ்வளவோ அதுல பாதி இடமாவது கூட இருக்கணும். வீட்டம்மாவுக்குப் புதுசுன்னா ஆயிரமே போதும் சார். மத்தியானம் மத்தியானம் உட்கார்ந்தா ஒரு மாசம் நிம்மதியா ஓடும்."

சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். தொழில் விஷயமாக வேறு யாராவது இப்படி அளவு சொல்லியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பார். ஆனால் அவர் அங்கே மேசைக்குப் பொருத்தமாக வாங்க வரவில்லை. ஒரு மனிதனை ஜெயிக்க வந்திருந்தார்.

"ரெண்டாயிரத்துக்கு மேல என்ன இருக்குன்னு கேட்டேன்" என்றார்.

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இரண்டு கையாலும் இறக்கினாள். மூவாயிரம். ஒரு துறைமுகப் படம். படகுகள், கயிறுகள், ஓட்டு வீடுகள், அவற்றுக்கு மேல் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு மேகமே இல்லாத நீல வானம்.

பரிசைப் பிரித்தபோது மனைவி முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் எதிர்பார்த்தார். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. "மூவாயிரமா? நீங்களே போய் எடுத்தீங்களா?" என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். அடுத்த இரண்டு நாளும் மனிதர் தரையில் நடக்கவில்லை. சாப்பாட்டு மேசையை அவரே துடைத்துக் கொடுத்தார். சாப்பாட்டைச் சமையலறையில் நின்றுகொண்டே முடித்தார். அவளோடு உட்கார்ந்து ஓரத்துண்டுகளைக்கூடப் பொறுக்கினார்.

மூன்றாம் நாள் கீழ் ஓரம் முழுசாகச் சேர்ந்தது. இடது மூலையில் தொடங்கிய வரிசை வலது பக்கம் போய், மேசை முடிந்த பிறகும் முடியாமல் நின்றது. கடைசி ஐந்தாறு துண்டுகளை அவள் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் டேப்பை எடுத்தார். மேசை நூற்றுப்பத்துக்கு எழுபத்தைந்து. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் நூற்றிருபத்தொன்றுக்கு எண்பது என்று போட்டிருந்தது. நீளத்தில் பதினொன்று உதைத்தது, அகலத்தில் ஐந்து உதைத்தது. இரண்டாம் முறை அளந்தார். டேப் பொய் சொல்கிற ஜாதி இல்லை.

"தரையில செய்யலாமே" என்றார்.

"என் முட்டியை வச்சுக்கிட்டா?"

"கட்டில்ல?"

"மெத்தை அமுங்கும், எல்லாம் பிரிஞ்சுடும்."

"ஒரு பிளைவுட் பலகை வாங்கி மேசை மேல போட்டுடறேன்."

"போட்டுட்டு? நாலு மாசம் நின்னுக்கிட்டே சாப்பிடுவீங்களா?" அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, கரிசனமாகத்தான் சொன்னாள். பிறகு அவர் எதற்குப் பயந்துகொண்டிருந்தாரோ அதையே சொன்னாள். "அண்ணா மேசை ரெண்டு மீட்டர் இருக்குமே."

மூவாயிரம் துண்டுகள் அடங்கிய பெட்டி கனமானது. அவள் மணிக்கட்டு தாங்காது. எனவே அந்தப் பெட்டியை லிஃப்டில் வைத்து மூன்றாம் மாடிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவரும் மெக்கானிக்தான்.

"அடேயப்பா, மூவாயிரமா? உங்களுக்கு மனசு பெருசு சார்" என்றார் பல்செட்காரர்.

மேசையின் ஒரு ஓரத்தில் சிமெண்டு நிற அச்சுகளில் பற்கள் வரிசை வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. மீதி இடம், ரெண்டாயிரம் முடிந்துபோய், துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. அங்கே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மெக்கானிக் வீட்டுக் குஷன். பக்கத்தில் அவர் வீட்டு டம்ளர். அந்த டம்ளரை எத்தனை நாளாக வீட்டில் காணோம் என்று தேடியிருக்கிறார். காலில்லாமல் தன் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக மாடியேறிக்கொண்டிருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. "உட்காருங்க, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றதற்கு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். வேலை ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் செய்ததை, அவரை அறிந்த யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மொட்டை மாடிக்குப் போனார். மோட்டார் அறையைத் திறந்தார். மெயின் சுவிட்சை இறக்கி, அறையைப் பூட்டினார். கீழே வந்து, 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை லிஃப்ட் கதவில் மாட்டினார். கேட்டவர்களிடம், "ஒரு பார்ட் வரணும், ரெண்டு மூணு நாளாகும்" என்றார். முப்பது வருடத் தொழிலில் நன்றாக ஓடுகிற லிஃப்டை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. முழங்கால் வலிக்காரி அறுபது படி ஏற மாட்டாள் என்ற ஒரே கணக்குதான் மனதில் இருந்தது.

இரண்டு நாள் கணக்குச் சரியாக நடந்தது. அவள் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் அவர் வந்தபோது சிரித்துக்கொண்டு இருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் டிவியைப் போட்டார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்தவர், வீடு பூட்டியிருப்பதைப் பார்த்தார். படியேறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தது. முறிந்து சேர்ந்த மணிக்கட்டால் கைப்பிடியைப் பற்றி ஏறியிருக்கிறாள். அது வீங்கித் தெரிந்தது.

"ஏன் இப்படிப் பண்றே? ரெண்டு நாள் பொறுத்தா லிஃப்ட் வந்துடும்ல?" என்றார்.

"வந்துடுமா?" என்று கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகத்தான் கேட்டாள். "நீங்க திங்கட்கிழமை டூல் பையை எடுக்காம மாடிக்குப் போனீங்க. அஞ்சு நிமிஷத்துல இறங்கி வந்து, கையைக் கழுவாம காபி டம்ளரைப் பிடிச்சீங்க. டம்ளர்ல ஒரு பொட்டுக் கிரீஸ் இல்ல. இருபத்தேழு வருஷமா உங்க சட்டையைத் துவைக்கறேன். கெட்டுப்போன லிஃப்டுக்கும் நிறுத்தி வச்ச லிஃப்டுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீ அங்க சிரிக்கறே" என்றார். "குழிக்குள்ள நின்னா கேக்குது. இங்க சிரிக்கறதில்ல."

கோபப்படுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்றும் நினைத்தார். இரண்டும் நடக்கவில்லை.

"இங்க யாரோட சிரிக்கறது? ஆறு மணிக்கு வர்றீங்க. டிவியைப் போடறீங்க. சாப்பிட்டு ஆச்சான்னு நான் கேக்கறேன், ஆச்சுன்னு நீங்க சொல்றீங்க. அண்ணா ஒண்ணும் பெரிய வேடிக்கைக்காரர் இல்ல. அன்னிக்கு ஒரு நீலத் துண்டைத் தேடித் தேடி, கடைசில பல்செட்டுக்குள்ள கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குத்தான் சிரிச்சோம். நீங்க இருந்திருந்தா நீங்களும் சிரிச்சிருப்பீங்க. மூணு நாள் என்கூட உட்கார்ந்து ஓரத்துண்டு பொறுக்கினீங்களே, எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? மேசை பத்தலைன்னதும் பெட்டியோட என்னையும் இறக்கி வச்சிட்டுப் போயிட்டீங்க."

அவர் அவள் வீங்கிய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"போய் லிஃப்டை விடுங்க" என்றாள். "அப்புறம் அண்ணாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மொட்டை மாடிக்குப் போய்ச் சுவிட்சை ஏற்றினார். பலகையைக் கழற்றினார். மனைவியை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய்ப் பல்செட்காரர் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்.

"லிஃப்ட் கெட்டுப்போகல சார்" என்றார் வாசலிலேயே நின்று. "நான்தான் நிறுத்தி வச்சேன். இவ இங்க வரக் கூடாதுன்னு."

பல்செட்காரர் கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு நின்றார். அவரை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. அவர் நல்லவர்தான், ஆனால் கல் இல்லை.

"என்னைக் கேட்டிருக்கலாமே சார்" என்றார் கடைசியில். "பெட்டியைக் கட்டிக் குடுத்திருப்பேன்." பிறகு கையிலிருந்ததை நீட்டினார். "இது ரெண்டாம் தெருவுல தலைமையாசிரியையா இருந்த ஒரு அம்மாவுக்கு. படியேற முடியாம மூணு நாளா கஞ்சி குடிச்சிட்டிருக்காங்க. முதல்ல அவங்களைப் போய்க் கூட்டிட்டு வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

மெக்கானிக் போனார். அந்த அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்து, லிஃப்டில் ஏற்றி, பல்செட்காரர் பல்லை மாட்டி, அந்த அம்மா ஒரு பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டும்வரை சுவரோரமாக நின்றார். மத்ததைப் பிறகு யாரும் பேசவில்லை. பல்செட்காரர் இன்னொரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை; அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று மெக்கானிக்கும் பொறுத்துக்கொண்டார். எட்டாம் நாள் மெக்கானிக்குக்கென்று ஒரு ஸ்டூல் மேசையின் அந்தப் பக்கம் போடப்பட்டிருந்தது.

வேலை சீக்கிரம் முடிகிற நாட்களில் அவர் இப்போது அதில் போய் உட்காருகிறார். வானம் முழுக்க அவர் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே நீலம் என்பதால் நிறத்தைப் பார்க்காமல் வடிவத்தைப் பார்த்து அடுக்குகிறார். அதில் கெட்டிக்காரர் என்று மனைவியே சொன்னாள்.

பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மனைவி கேட்ட துண்டைப் பல்செட்காரர் முந்திக்கொண்டு எடுத்து நீட்டும்போது உள்ளே சுருக்கென்று குத்துகிறது. போன செவ்வாய்க்கிழமையும் குத்தியது. லிஃப்டில் இறங்கும்போது அதை அவளிடம் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு அந்தப் பாய்மரத் துண்டை அவர் எடுத்துக் குடுத்தாரே. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்படியா?" என்றாள். "நாளைக்கு நீங்க எனக்குப் பக்கத்துல உட்காருங்க. கை எட்டும்."

கதவு திறந்தது. இரவு என்ன சமைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே அவள் முன்னால் நடந்தாள்.